வெக்யூம் ப்ளோவருக்கு எக்ஸோஸ்ட் பைப் பொருத்துவது எப்படி: திருகோணமலைப் பட்டறைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிண்ணியாவில் ஒரு தளபாடப் பட்டறை. கணினி சொல்கிறபடி பலகை வெட்டும் சி.என்.சி. ரவுட்டர் மேசையில் பிளைவூட் பலகையை உறிஞ்சிப் பிடித்திருக்கும் வெக்யூம் ப்ளோவர் ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். மூன்று நாள் விடாமல் பெய்த மாரி மழை அன்று காலைதான் ஓய்ந்திருந்தது. சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு எக்ஸோஸ்ட் பைப்பைக் கழற்றினேன். ஒரு தேநீர்க் கோப்பை நிறைய இருக்கும், பழுப்பு நிறத் தண்ணீர் தரையில் கொட்டியது. மூடியைத் திறந்தால், காற்றைத் தள்ளும் சுழல் சக்கரமான அலுமினிய இம்பெல்லரின் ஓரம் முழுக்க வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், மாவு போல உதிர்ந்தது. இம்பெல்லருக்கும் உடலுக்கும் நடுவே இருக்க வேண்டிய மயிரிழை இடைவெளியை அந்தப் பொடி அடைத்துவிட்டது.

வெளியே போன பைப் பி.வி.சி. ப்ளோவரில் இருந்து ஒரு முழம் தள்ளி அது சூட்டில் இளகித் தொய்ந்திருந்தது. தொய்ந்த பள்ளத்தில்தான் அந்தத் தண்ணீர் தேங்கிக் கிடந்திருக்கிறது. "தம்பி, மெஷின் நல்ல மெஷின்தானே, ஒரு பைப்பால இப்படி வருமா?" என்று கேட்டார் பட்டறைக்கார நானா. வரும் நானா, வந்துவிட்டதே என்றேன்.

எக்ஸோஸ்ட் பைப்பை நாம் காற்றை வெளியே தள்ளும் ஓட்டை என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். ஆனால் அதற்கு இரண்டு வேளை உண்டு. மெஷின் ஓடும்போது சூடும் அழுத்தமும் உள்ளிருந்து வருகின்றன. மெஷின் நிற்கும்போது உப்பும் மழையும் வெளியிலிருந்து வருகின்றன. கொழும்பில் இருந்து ப்ளோவரோடு வரும் கையேடு முதல் வேளையைப் பற்றி நன்றாகவே சொல்லும். இரண்டாவது வேளையைக் கடற்கரை ஊரில் வேலை செய்கிற நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துச் செய்யும் முறையைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், எந்த ப்ளோவர்?

நம் பக்கத்துப் பட்டறைகளில் அதிகம் இருப்பது சைட் சனல் ப்ளோவர். நத்தை ஓடு போல வட்டமான அலுமினிய உடல், மோட்டாரோடு சேர்ந்தே வரும், எண்ணெய் கிடையாது. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அதற்குத்தான். ரூட்ஸ் ப்ளோவர் என்றால் கனமான வார்ப்பிரும்பு உடல், உள்ளே எட்டு வடிவில் இரண்டு சுழலிகள், பக்கத்தில் கியர் எண்ணெய். அதன் காற்று சீராக வராமல் துடித்துத் துடித்து வரும். ஆகவே அதற்கு வெளிவாயை ஒட்டியே சைலன்சர் வேண்டும். மற்றபடி கீழே சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும். எண்ணெய் ஊற்றி ஓட்டும், உள்ளே தகடுகள் சுழலும் வேன் (vane) பம்ப் வேறு சாதி. அதன் எக்ஸோஸ்டில் எண்ணெய் ஆவி வரும். அதை இந்த முறையில் செய்யாதீர்கள்.

பெயர்ப்பலகையில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மோட்டாரின் கிலோவாட், முழுச் சுமை அம்பியர், அனுமதிக்கப்பட்ட அழுத்த வேறுபாடு எத்தனை மில்லிபார் என்பது. மூன்றாவதுதான் இங்கே முக்கியம். அது உறிஞ்சும் பக்கத்து வெற்றிடத்துக்கு மட்டும் உரிய கணக்கு அல்ல. எக்ஸோஸ்ட் பைப்பில் எதிரழுத்தம் (காற்று வெளியேறப் பைப் கொடுக்கும் தடை) 20 மில்லிபார் ஏறினால், அந்த 20-உம் ப்ளோவரின் தலையில்தான் ஏறும். மேசையில் பிடி தளரும், அல்லது மோட்டார் கூடுதலாகச் சூடாகும். இரண்டுமே நடப்பதுதான் வழக்கம்.

"பைப்பே வேண்டாம், உள்ளேயே விட்டுவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். மோட்டார் எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. 3 கிலோவாட் ப்ளோவரைத் தகரக் கூரைப் பட்டறைக்குள் ஓட்டுவது மூன்று பெரிய மின் அடுப்புகளை நாள் முழுக்க எரிய விடுவதற்குச் சமம். பெரும்பாலான மோட்டார்கள் சுற்றுவெப்பம் 40 பாகைக்கு மேல் போகாது என்ற கணக்கில்தான் செய்யப்பட்டவை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியிலேயே 35 பாகை சாதாரணம். மிச்சம் இருக்கும் ஐந்து பாகையை எக்ஸோஸ்ட் சூடு தின்றுவிடும்.

பைப்பின் அளவு

சட்டம் ஒன்றுதான்: ப்ளோவரின் வெளிவாயைவிடச் சிறிய பைப்பை ஒருபோதும் போடாதீர்கள். கடையில் 2 அங்குல பைப் இல்லை, ஒன்றரை இருக்கிறது, அளவைக் குறைக்கும் ரெடியூசர் போட்டுச் சமாளிக்கலாம் என்பது மிகவும் விலை கூடிய சமாளிப்பு. பைப்பின் உள்விட்டம் குறையக் குறைய உராய்வு ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. 2 அங்குலத்தில் இருந்து ஒன்றரைக்கு இறங்கினால் அதே காற்றுக்கு எதிரழுத்தம் மூன்று மடங்குக்கு மேல் போய்விடும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். வெளிவாய் 2 அங்குலம், மணிக்கு 150 கன மீட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 அங்குல பைப்பில் காற்று செக்கனுக்கு 19 மீட்டர் வேகத்தில் ஓடும். 10 மீட்டர் நேர் பைப்புக்கு ஏறத்தாழ 7 மில்லிபார் போகும். பைப்பைத் திருப்பும் சாதாரண எல்போ ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மில்லிபார் வரை சேருங்கள். நான்கு எல்போ இருந்தால் மொத்தம் 13. அதே பாதையை 3 அங்குல பைப்பில் போட்டால், வேகம் 9 மீட்டருக்கு இறங்கும், மொத்தமே 2 மில்லிபாரைச் சுற்றித்தான் வரும்.

ஆகவே நான் செய்வது இது. பைப் 3 மீட்டருக்குள், எல்போ இரண்டுக்குள் என்றால் வெளிவாயின் அளவு போதும். அதற்கு மேல் நீண்டால், கீழே சொல்லப்போகும் ரப்பர் இணைப்பு முடிந்த உடனேயே ஒரு அளவு கூட்டிவிடுவேன். மொத்த எதிரழுத்தம் 10 மில்லிபாரைத் தாண்டக்கூடாது என்பது நான் எனக்கு வைத்திருக்கும் எல்லை. எல்போவில் கூர்மையாகத் திரும்பும் வகையைத் தவிர்த்து நீள வளைவு உள்ளதை எடுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டு 45 பாகை எல்போக்களை நடுவே ஒரு சாண் பைப் விட்டுச் சேருங்கள்.

எந்த பைப்?

பி.வி.சி. வேண்டாம். சாதாரண பி.வி.சி. பைப் 60 பாகைக்கு மேல் தாங்காது. சைட் சனல் ப்ளோவரில் இருந்து வரும் காற்று, உள்ளே போன காற்றைவிட 50 முதல் 80 பாகை வரை கூடுதலாகச் சூடாக இருக்கும். பகல் வெப்பத்தையும் கூட்டினால் 100 பாகையைத் தொடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மேசையில் பெரிய பலகை காற்றுப் புகாமல் நன்றாக ஒட்டியிருக்கும்போதுதான் எக்ஸோஸ்ட் அதிகம் சூடாகும். ஓடும் காற்று குறைகிறது, மோட்டார் கொடுக்கும் வெப்பம் குறைவதில்லை. வெறும் மேசையோடு பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு "பைப் சூடாகவில்லையே" என்று பி.வி.சி.யைத் தெரிவுசெய்தவர்கள் அடுத்த வாரமே தொய்ந்த பைப்பைப் பார்ப்பார்கள்.

அப்படியானால் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புப் பைப்பா, ஸ்டெயின்லெஸ் பைப்பா? பட்டறை தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் உள்நாட்டில் என்றால் நல்ல கனமான ஜி.ஐ. பைப் பல ஆண்டு நிற்கும். துத்தநாகப் பூச்சுக்கு இந்தச் சூடு ஒரு பொருட்டல்ல. உப்புவெளி, நிலாவெளி, கொட்பே போலக் கடல் காற்று நேரே அடிக்கும் இடங்களில் ஜி.ஐ. பைப் மரை வெட்டிய இடத்தில் இருந்துதான் துருப்பிடிக்கத் தொடங்கும், ஏனென்றால் அங்கே பூச்சு போய்விடுகிறது. அங்கெல்லாம் ஸ்டெயின்லெஸ் நல்லது. 304 வகை உப்புக் காற்றில் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்புப் பிடிக்கும், புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 அதைவிட நன்றாகத் தாங்கும். பணம் இடிக்கிறது என்றால் உள்ளே இருக்கும் பகுதிக்கு ஜி.ஐ., சுவருக்கு வெளியே போகும் கடைசித் துண்டுக்கும் கொக்கி முனைக்கும் மட்டும் 316 போடுங்கள். நடுவில் சேரும் இடத்தில் பிளேஞ்சும் (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு) பைபர் கேஸ்கட்டும் வைத்து, போல்ட்டுகளுக்குப் பைபர் வாஷரும் போட்டு, இரண்டு உலோகமும் நேரே தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜி.ஐ.யை வெல்ட் செய்ய வேண்டி வந்தால் பூச்சை முதலில் கிரைண்டரால் இரண்டு அங்குலம் வரை எடுத்துவிடுங்கள். துத்தநாகப் புகையை மூக்கில் வாங்கிய வெல்டிங் பாஸுக்கு அன்றிரவே நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்யச் சொல்லுங்கள்.

முதல் அரை மீட்டர்

வேலை முழுவதிலும் கவனம் அதிகம் வேண்டிய இடம் இது. ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கை வைக்கும் முன் பிரேக்கரை இறக்கி, பெட்டியைப் பூட்டி, சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் போனது என்று நினைத்து யாரும் தூக்கிவிடக்கூடாது. ப்ளோவர் ஓடிக்கொண்டிருந்தது என்றால் அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள்.

வெளிவாயில் அடைத்து வந்த பிளாஸ்டிக் மூடியை இப்போது கழற்றாதீர்கள். பைப் முழுவதையும் வெட்டி, வெல்ட் செய்து, உள்ளே தட்டி, துணி இழுத்துத் துடைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். "எக்ஸோஸ்ட்தானே, குப்பை வெளியேதானே போகும்" என்று விடக்கூடாது. பைப் மேல்நோக்கிப் போனால், மெஷின் நின்றவுடன் அந்த வெல்டிங் கசடு கீழே விழுந்து இம்பெல்லருக்குள் போகும். அங்கே இருப்பது மயிரிழை இடைவெளி. அதேபோல பைப் ப்ளோவரோடு இணைந்திருக்கும்போது அதில் வெல்ட் அடிக்கவே கூடாது. எர்த் கிளாம்ப் எங்கே கடித்திருக்கிறது என்பதைப் பொறுத்து வெல்டிங் கரண்ட் பெயாரிங் வழியாகப் பாய்ந்து, குண்டுகளில் சின்னச் சின்னப் பொட்டுக் குழிகளை உண்டாக்கும். இரண்டு மாதத்தில் பெயாரிங் இரைய ஆரம்பிக்கும், காரணம் யாருக்கும் தெரியாது.

வெளிவாயில் மரை இருந்தால் ஒரு அடி நீள உலோக நிப்பிளை (மரை வெட்டிய பைப் துண்டு) பொருத்துங்கள். உடல் அலுமினியம் என்பதை மறக்காதீர்கள். மரையில் டெஃப்லான் நாடாவை மூன்று சுற்றுச் சுற்றி, கையால் போகும் வரை போட்டு, பிறகு ரெஞ்சால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றேகால். நாலடிப் பைப்பை ரெஞ்சில் செருகி இறுக்குகிற பழக்கம் இங்கே வேண்டாம். அலுமினிய மரை உருண்டுவிட்டால் அந்த உடலே போச்சு. பிளேஞ்ச் என்றால் போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள். கேஸ்கட்டுக்குச் சைக்கிள் ரியூப் வெட்டிப் போடாதீர்கள், சூட்டில் ஒட்டிப் பிசினாகிவிடும். பைபர் தாள் கேஸ்கட் எந்த வாகன உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும்.

நிப்பிளுக்கு அப்புறம் வளைந்து கொடுக்கும் ஒரு ரப்பர் இணைப்பு. இதை விட்டுவிட்டால் ப்ளோவரின் அதிர்வு பைப்புக்கும், பைப்பின் பாரம் ப்ளோவருக்கும் போகும். சிலிக்கோன் ஹோஸ் மிக நல்லது, 180 பாகை வரை தாங்கும். கிடைக்காவிட்டால் லொறி ரேடியேட்டர் ஹோஸில் சரியான விட்டத்தைத் தேடுங்கள். கொதிக்கும் தண்ணீருக்கென்று செய்யப்பட்டதுதானே, நம் வேலைக்கும் ஈடுகொடுக்கும். நீளம் ஒரு சாண் போதும். இரண்டு முனையிலும் ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் இரண்டிரண்டு போடுங்கள். உள்ளே நிப்பிள் முனைக்கும் பைப் முனைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், முட்டக்கூடாது. இன்னும் சூடான ரூட்ஸ் ப்ளோவர் என்றால், வாகன எக்ஸோஸ்டில் போடும் ஸ்டெயின்லெஸ் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பாக வளைந்து கொடுக்கும் குழாய்) கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் எல்லா அளவிலும் இருக்கும். அதை பிளேஞ்ச் வைத்து வெல்ட் செய்து எடுத்து வரச் சொல்லலாம்.

ரப்பர் இணைப்பு அலுமினியத்தையும் ஸ்டெயின்லெஸையும் பிரித்து வைக்கிறது, அது நமக்கு நன்மை. ஆனால் பைப்பின் எர்த்தையும் அது துண்டித்துவிடுகிறது. மரத்தூள் போகும் இடத்தில் நிலைமின்சாரம் சேரும். ஆகவே பைப்பில் இருந்து ஒரு பச்சை மஞ்சள் எர்த் வயரைத் தனியாக இழுத்துக் கட்டுங்கள்.

இணைப்பு முடிந்த உடனே பைப்புக்கு முதல் தாங்கி. சோதிப்பது இலகு: ரப்பர் ஹோஸின் கிளாம்ப்புகளைத் தளர்த்துங்கள். பைப் அசையாமல் அதே இடத்தில் நின்றால் தாங்கி சரி. கீழே இறங்கினாலோ பக்கத்தில் நகர்ந்தாலோ, அந்தப் பாரம் இதுவரை ப்ளோவரின் கழுத்தில்தான் இருந்திருக்கிறது. தாங்கியைத் திருத்துங்கள்.

அடுத்தது நீர்ப் பொறி. பைப் மேலே ஏறப் போகிறது என்றால் எல்போ போட்டுத் திருப்பாதீர்கள். அந்த இடத்தில் டீ போடுங்கள். ஒரு வாய் ப்ளோவர் பக்கம், ஒரு வாய் மேலே, மூன்றாவது வாய் கீழே பார்த்தபடி ஒரு சாண் பைப்போடு மூடியிருக்கும். மேலிருந்து வரும் தண்ணீர் எதுவானாலும் நேரே கீழே அந்தப் பைப் துண்டுக்குள் விழும், ப்ளோவர் பக்கம் திரும்பாது. மூடியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுத் திறந்தே விடுங்கள். பலர் அங்கே ஒரு டெப் வைப்பார்கள். டெப்பைத் திறக்க ஒருவர் நினைவு வைத்திருக்க வேண்டும், துளைக்கு அந்தக் கவலை இல்லை. அதன் வழியே போகும் கொஞ்சச் சூடான காற்றால் ஒரு நட்டமும் இல்லை. கிண்ணியாப் பட்டறையில் இந்த ஒரு டீ இருந்திருந்தால் அந்த இம்பெல்லர் பிழைத்திருக்கும்.

சுவரை நோக்கி

படுக்கையாகப் போகும் பைப் ப்ளோவரில் இருந்து விலகி வெளிப்பக்கம் சரிய வேண்டும். மீட்டருக்கு 1 சென்ரிமீட்டர் சரிவு போதும். தாங்கி 2 மீட்டருக்கு ஒன்று. எல்லாக் கிளாம்ப்பையும் இறுக்கிப் பூட்டாதீர்கள். 6 மீட்டர் ஸ்டெயின்லெஸ் பைப் 30 பாகையில் இருந்து 100-க்குப் போனால் 7 மில்லிமீட்டர் நீளும். ஒரு இடத்தில் மட்டும் இறுக்கமாகப் பிடித்து, மற்றவற்றில் பைப் வழுக்கிப் போக இடம் விடுங்கள். சுவரில் போடும் ஓட்டையும் பைப்பைவிட ஒரு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். உள்ளே ஒரு பெரிய பைப் துண்டைச் செருகி, நடுவில் ரொக்வூல் அடைத்து, வெளிப்பக்கம் சூடு தாங்கும் சிலிக்கோனால் மூடுங்கள். சீமெந்தால் இறுக்கிப் பூசினால் பைப் நீளும்போது சுவர் வெடிக்கும்.

பழைய கட்டடங்களில் அஸ்பெஸ்டஸ் கூரை இருக்கும். குறுக்கு வழி என்று அதில் ஓட்டை போடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஒரு எல்போ கூடினாலும் பரவாயில்லை, சுவர் வழியே போங்கள்.

கை படக்கூடிய உயரத்தில் இருக்கும் பைப்பை மறைக்க வேண்டும், 60 பாகைக்கு மேல் போனால் தொட்ட தோல் பொசுங்கும். ரொக்வூல் சுற்றித் தகடு அடிப்பது வழக்கம்தான். உள்ளே மழை படாத இடத்தில் அதைச் செய்யுங்கள். வெளியே செய்யாதீர்கள். உப்பு ஈரம் ஒருமுறை ரொக்வூலுக்குள் போனால் பைப்போடு ஒட்டிக்கொண்டு காயாமல் கிடக்கும், அரிப்பு கண்ணுக்கே தெரியாது. வெளியில் பைப்பைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி ஒரு வலைக் கூண்டு போதும்.

சத்தம் தொந்தரவு என்றால் நேராக ஓட்டை போகும் வகைச் சைலன்சர் போடலாம்: உள்ளே துளையிட்ட குழாய், சுற்றிலும் ரொக்வூல். பைப்பின் அளவோ அதைவிடப் பெரிதோ இருக்க வேண்டும், அடியில் ஒரு நீர்த் துளையும் வேண்டும். மோட்டார் சைக்கிள் சைலன்சரைப் பொருத்திப் பார்க்கலாமே என்று கேட்பார்கள். உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்துக் காற்றை வளைத்து வளைத்து விடும் சாதனம் அது. பைப்பைப் பெரிதாக்கிச் சேமித்த மில்லிபார் எல்லாம் அங்கே போய்விடும்.

இரண்டு ப்ளோவரை ஒரே எக்ஸோஸ்டில் சேர்க்க நேர்ந்தால் ஒவ்வொன்றின் வெளிவாயிலும் உலோக மடல் உள்ள ஒருவழி வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் ஓடும் மெஷின் தன் சூட்டுக் காற்றை நிற்கும் மெஷினுக்குள் தள்ளி அதைப் பின்னோக்கிச் சுற்ற வைக்கும். இடம் இருந்தால் தனித்தனி பைப்தான் என் தெரிவு.

வெளி முனை

திருகோணமலைக்காரருக்குக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து மழையையும் கடல் துளியையும் சேர்த்து அடிக்கும். வைகாசிக்கு அப்புறம் கச்சான், தரைப்பக்கத்தில் இருந்து சூடும் தூசுமாக வரும். எக்ஸோஸ்ட் முனையை முடிந்தால் தெற்கு அல்லது மேற்குச் சுவரில் வையுங்கள். தூசு வந்தால் துடைக்கலாம், உப்பு நீர்தான் கொல்லும். அப்படி இடம் இல்லாமல் கிழக்குச் சுவர்தான் கிடைத்தது என்றால், கூரைத் தாழ்வாரத்துக்கு உள்ளே அடங்கும்படி முனையை நிறுத்துங்கள்.

முனை கீழே பார்த்த கொக்கியாக இருக்க வேண்டும். வெறும் 90 பாகை எல்போவைக் கீழே திருப்பினால் போதாது. சாய்ந்து அடிக்கும் மழை அதற்குள் ஏறும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் நமக்குச் சற்று வடக்கே கரை கடந்தபோது பார்த்தவர்களுக்குத் தெரியும், மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. பைப்பை, அடியில் முன் சொன்ன டீயோடு, ஒரு முழம் மேலே ஏற்றி, முழு வட்டத்தில் பாதியாக வளைத்து, கீழே பார்த்த கால் ஒரு முழமாவது நேராகத் தொங்கும்படி விடுங்கள். துளி உள்ளே தெறித்தாலும் அந்தக் காலிலேயே இறங்கிவிடும்.

முனையில் பறவையும் குளவியும் கூடு வைக்காதிருக்க வலை வேண்டும். 10 முதல் 12 மில்லிமீட்டர் கண் உள்ள ஸ்டெயின்லெஸ் வலை போதும். நுளம்பு வலையைக் கட்டாதீர்கள். மரத்தூளும் உப்பும் சேர்ந்து ஒரே மாரியில் அது பலகை போல அடைத்துவிடும். முனை தரையில் இருந்து ஆள் உயரத்துக்கு மேலே இருக்கட்டும். பக்கத்து வீட்டு ஜன்னல், உங்கள் கொம்ப்ரஸர் காற்று எடுக்கும் இடம், ஏ.சி.யின் வெளிப்பெட்டி இவற்றை விட்டு விலகியே இருக்கட்டும்.

உறிஞ்சும் பக்கத்தில் ஒரு வால்வு

எக்ஸோஸ்டைப் பற்றிய வழிகாட்டியில் உறிஞ்சும் பக்கம் எதற்கு என்று கேட்கலாம். சைட் சனல் ப்ளோவருக்குள் காற்றை அடைக்கும் கதவு எதுவும் இல்லை. மேசையில் பலகை ஒட்டியிருக்கும்போது சுவிட்சை அணைத்தால், அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளிக்காற்று எக்ஸோஸ்ட் பைப் வழியாகத்தான் பின்னோக்கி ஓடி வரும். மழை பெய்யும் நேரம் என்றால் முனையில் நிற்கும் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் ஒரு மூச்சு உப்புக் காற்று இம்பெல்லரைத் தொடுகிறது. ஆகவே உள்வாய்க்கு முன்னால் ஒரு ஒருவழி வால்வு போடுங்கள், அல்லது அணைக்கும் முன் மேசையின் வால்வைத் திறந்து வெற்றிடத்தை விடும் பழக்கத்தை வேலையாட்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். இரண்டும் செய்தால் இன்னும் நல்லது. உள்வாயில் பில்டரும், வெற்றிடம் எல்லை மீறினால் வெளிக்காற்றை உள்ளே விடும் ரிலீப் வால்வும் இல்லாமல் ஓட்டவே வேண்டாம். எக்ஸோஸ்ட் சூடு கட்டுக்குள் நிற்பது அந்த வால்வால்தான்.

ஓட்டிப் பார்த்தல்

பைப்பை இணைக்கும் முன் சுற்றும் திசையைப் பாருங்கள். உடலில் அம்புக்குறி இருக்கும். சுவிட்சை ஒரு நொடி போட்டு எடுத்து விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கவனியுங்கள். எதிராகச் சுற்றினால் மின்சாரத்தை நிறுத்தி, மூன்று பேஸில் ஏதாவது இரண்டை மாற்றிக் கட்டுங்கள்.

இணைத்த பிறகு எதிரழுத்தத்தை அளக்க விலை கூடிய மீட்டர் தேவையில்லை. ரப்பர் இணைப்புக்கு அப்பால் நேர் பைப்பில் ஒரு சிறு துளை போட்டு, மெல்லிய செப்புக் குழாய் ஒரு அடி நீளத்துக்குப் பொருத்துங்கள். துளையின் உள்விளிம்பு பிசிறில்லாமல் இருக்கட்டும். செப்புக் குழாயின் முனையில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, ஒரு பலகையில் ஆங்கில "யூ" வடிவில் ஆணியடித்து நிறுத்துங்கள். சட்டைக்கு இடும் நீலத்தைக் கரைத்த தண்ணீரைப் பாதி வரை ஊற்றினால் மட்டம் பளிச்சென்று தெரியும். மெஷின் ஓடும்போது இரண்டு கால்களுக்கும் உள்ள உயர வித்தியாசம் 10 சென்ரிமீட்டர் என்றால் எதிரழுத்தம் ஏறத்தாழ 10 மில்லிபார். அளவுகோல் ஒன்றே போதும். வெறும் மேசையோடு, முழுக் காற்றும் ஓடும்போது அளந்து பாருங்கள், எதிரழுத்தம் அதிகமாக இருப்பது அப்போதுதான்.

அம்பியரையும் சூட்டையும் அதற்கு நேர்மாறான நிலையில் அளக்க வேண்டும்: மேசை முழுக்கப் பலகை போட்டு, அரை மணித்தியாலம் ஓடிய பிறகு. மூன்று பேஸிலும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பாருங்கள், பெயர்ப்பலகை அளவைத் தாண்டக்கூடாது, மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். பைப்பின் சூட்டை வெளிவாயின் அருகே ஒன்றும் சுவரின் அருகே ஒன்றுமாக எடுங்கள். ஒரு மணித்தியாலம் முடிந்ததும் நிறுத்தி, ஆறவிட்டு, ரப்பர் இணைப்பின் கிளாம்ப்புகளை மறுபடி இறுக்குங்கள். முதல் சூட்டில் ஹோஸ் படிந்து, கிளாம்ப் கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

மாரிக்கு முன்

ஆண்டுக்கு ஒரு தடவை, புரட்டாதி மாதத்தில், இரண்டு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். கொக்கி முனையின் வலையைக் கழற்றிக் கழுவுங்கள். நீர்ப் பொறியின் துளையில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள், தூளும் துருவும் சேர்ந்து அடைத்திருக்கும். ரப்பர் இணைப்பை விரலால் அழுத்துங்கள், கல்லாகவோ வெடிப்போடோ இருந்தால் மாற்றுங்கள். வெளிப் பைப்பை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

பட்டறை பூட்டிக் கிடக்கும் நாட்கள்தான் மெஷினுக்கு ஆபத்தான நாட்கள். பெருநாளோ பொங்கலோ, நாலைந்து நாள் மூடுவதாக இருந்தால் கடைசி நாள் மாலை மேசையை வெறுமையாக்கிப் பத்து நிமிடம் ஓட்டி, உள்ளே உள்ள ஈரத்தை உலர்த்திவிட்டு அணையுங்கள். இரண்டு வாரம் என்றால் நடுவே ஒரு நாள் யாராவது வந்து ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுப் போகட்டும்.

நானாவின் பட்டறையில் இப்போது 3 அங்குல பைப், மேற்குச் சுவர், கொக்கி முனை. ப்ளோவரின் பக்கத்துச் சுவரில் பெயின்ட் மார்க்கரால் திகதியோடு நான்கு எண்களை எழுதி வைத்தேன்: எதிரழுத்தம், அம்பியர், வெளிவாய்ச் சூடு, சுவரருகே சூடு. அடுத்த புரட்டாதியில் அதே பலகையை, அதே நீலத் தண்ணீரை மாட்டி அளந்து அதற்குக் கீழே எழுதச் சொல்லியிருக்கிறேன். எதிரழுத்தம் 3 சென்ரிமீட்டர் ஏறியிருந்தால் வலையையோ சைலன்சரையோ திறந்து பார்க்க வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதியிருக்கிறேன்.